கண்வலி விதையும் வெள்ளணுவின் நடையும்

கேள்வி: மூலனூர் அருகே கண்வலிக்கிழங்கு பயிரிடுகிறோம். யூரிக் அமிலத்தால் கால் கட்டைவிரல் வீங்கிய அப்பாவுக்கு மருத்துவர் 0.5 மில்லிகிராம் கோல்சிசின் மாத்திரை கொடுத்து, அது வெள்ளணுக்களின் சட்டகத்தைக் கலைக்கும் என்றார். எங்கள் விதையிலிருந்துதான் அம்மருந்து எடுக்கப்படுகிறதாம். விதையையே அரைத்துக் கொடுத்தால் என்ன?

பதில்: ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

மூட்டில் படிந்த யூரிக் அமிலப் படிகங்களை நோக்கி நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் ஊர்ந்து வந்து குவிவதால்தான் வீக்கம் கடுமையாகிறது. அந்த அணுவுக்குக் காலில்லை. தன் புரதச் சட்டகத்தை முன்புறம் கட்டிப் பின்புறம் கலைத்தபடி நகர்கிறது. கொடி படர ஊன்றிய கிளுவைக் குச்சிகளைப் பின்வரிசையில் பிடுங்கி முன்வரிசையில் நட்டுக்கொண்டே போனால் பந்தலே நகரும் அல்லவா, ஏறக்குறைய அப்படி. எங்கே நடுவது, எங்கே பிடுங்குவது என்பதைச் சமிக்ஞை நொதிகள் தீர்மானிக்கின்றன. அழற்சி நடக்கும் இடத்திலிருந்து வரும் வேதித் தூதை அணுவின் ஏற்பிகள் உணர்ந்ததும், அப்பக்கத்துச் சவ்வின் கொழுப்பு மூலக்கூறுகளில் பிஐ3 கைனேஸ் என்ற நொதி பாஸ்பேட்டை ஒட்டி அடையாளமிட, ராக் என்ற நொதி விழித்து, சட்டகத்தின் ஆக்டின் என்ற புரத இழைகளைக் கிளைக்கச் செய்கிறது. பின்புறத்திலோ ரோ என்ற நொதி, இழைகளை இழுக்கும் மயோசின் புரதத்தை முடுக்கி வாலைச் சுருக்குகிறது.

கோல்சிசின் இந்த நொதிகள் எதையும் நேரடியாகத் தொடுவதில்லை என்பதே எனக்கு இன்றும் வியப்பளிப்பது. அது டியூபுலின் புரதத்தைப் பற்றிக்கொண்டு, அப்புரதத்தால் ஆன, சட்டகத்தின் இன்னொரு பகுதியான நுண்குழல்கள் உருவாகாமல் தடுக்கிறது. அக்குழல்களில் கட்டுண்டு முடங்கியிருந்த ஜிஇஎஃப்-எச்1 என்ற புரதம் விடுபட்டு ரோவைத் தூண்டிவிட, வாலுக்கு மட்டும் உரிய இறுக்கம் கட்டுமீறி, அணு திசையைத் தவறவிடுகிறது. படிகங்களால் தூண்டப்படும் அழற்சிப் புரதக் கூட்டமைப்பு ஒன்றுசேர்வதும் தடைபடுகிறது. யூரிக் அமிலம் மட்டும் இதனால் குறையாது. அதற்கு வேறு மருந்து உண்டு.

ஆனால் நுண்குழல் வெள்ளணுவுக்கு மட்டும் சொந்தமானதன்று. குடலின் உட்சுவரிலும் எலும்பு மச்சையிலும் ஓயாமல் பிரியும் செல்கள் தங்கள் குரோமோசோம்களைப் பங்கிட அதையே நம்பியிருக்கின்றன. அளவு மீறினால் முதலில் அடிபடுபவை அவைதாம். 2010-இல் வெளியான ஆய்வொன்றில், வலி தொடங்கியவுடன் கொடுத்த மொத்தம் 1.8 மில்லிகிராம், 4.8 மில்லிகிராம் அளவுக்கே பலனளித்தது. வயிற்றுப்போக்கோ வெகுவாகக் குறைந்திருந்தது. இவ்வளவு நுணுக்கமாக அளக்க வேண்டிய மருந்து, விதைக்கு விதை எவ்வளவு இருக்கும் என்று அம்மியில் அரைப்பவருக்குத் தெரியாது.

அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, கிளாரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி போன்ற மருந்தை உட்கொண்டாலோ மாத்திரையே நஞ்சாகலாம். மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். களத்தில் காயும் விதையை யாரேனும் விழுங்கிவிட்டால், வாந்தி தொடங்கச் சில மணி நேரம் ஆகும் என்பதால், அதற்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.