நாத்தனாரை அழைத்துப் போகாதீர்கள்

தங்கை, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு மார்பகத்தைப் பெரிதாக்க சிலிகான் பை வைத்துக்கொண்டீர்கள். வெளிநாட்டில் குடியேறி எட்டு மாதம் ஆகிறது, வயது 52, இப்போது மேமோகிராமுக்கு, அதாவது மார்பகத்தை இரு தட்டுகளுக்கு இடையில் அழுத்தி எடுக்கும் எக்ஸ்-ரே படத்துக்கு, அழைப்புக் கடிதம் வந்திருக்கிறது. அழுத்தும்போது பை உடைந்துவிடுமா, சொல்லாமலே எடுத்துக்கொள்ளலாமா, மொழிபெயர்க்க வரும் நாத்தனாருக்குத் தெரிந்துவிடுமா என்று கேட்கிறீர்கள். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது மூன்றாவது கேள்விதான் என்று நினைக்கிறேன்.

ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன். அவரை அழைத்துப் போகாதீர்கள். நேரம் குறிக்கும்போதே மொழிபெயர்ப்பாளர் வேண்டும், பெண்ணாக இருந்தால் நல்லது என்று கேளுங்கள். பல இடங்களில் தொலைபேசி வழியாகவாவது ஏற்பாடு செய்துவிடுவார்கள். தொழில்முறை மொழிபெயர்ப்பாளர், கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்ற விதிக்குக் கட்டுப்பட்டவர். நாத்தனாருக்கு அப்படி ஒரு விதி கிடையாது.

சொல்லாமல் போகலாமா என்றால், நான் போய்ப் பார்த்தவள். எனக்கும் அந்தப் பை உண்டு. படிவத்தில் பை இருக்கிறதா என்ற கேள்வியைக் காலியாக விட்டேன். முதல் படத்திலேயே வெள்ளை வெளேரென்று தெரிந்துவிட்டது. படம் எடுத்த பெண் முகம் சுளிக்கவில்லை, "முன்பே சொல்லியிருந்தால் கூடுதல் நேரம் ஒதுக்கியிருப்போமே" என்று மட்டும் கேட்டார். வேறொரு நாள் வரச் சொல்லி அனுப்பினார்கள். வெட்கத்துக்கு நான் கொடுத்த விலை இரண்டு வாரக் காத்திருப்பு.

அந்தக் கூடுதல் நேரம் எதற்கு? சிலிகான் எக்ஸ்-ரே கதிரை மறைக்கிறது, அதன் பின்னால் இருக்கும் திசு படத்தில் தெரியாது. அதற்காக எக்லண்ட் என்ற கதிரியக்க மருத்துவர் 1988இல் ஒரு முறையை விவரித்தார். பையை மார்புச் சுவரை நோக்கிப் பின்னே தள்ளிவிட்டு, மார்பகத் திசுவை மட்டும் முன்னே இழுத்து அழுத்திப் படம் எடுப்பது. வழக்கமாக இரு மார்பகத்துக்கும் சேர்த்து நான்கு படம் என்றால், நமக்குப் பெரும்பாலும் எட்டு. பையைத் தள்ளாமல் எடுக்கும் நான்கில் அழுத்தம் மிதமாகவே இருக்கும், மற்ற நான்கில் பை தட்டுகளுக்கு இடையில் வருவதே இல்லை. உடைவது மிக அரிது. பை தசைக்கு அடியில் இருந்தால் மறைவது குறைவு. சுற்றிலும் தழும்பு இறுகிக் கல்போல ஆகியிருந்தால் தள்ளுவது கடினம், அப்போது அல்ட்ராசவுண்டும் கேட்கலாம். இத்தனைக்குப் பிறகும் கொஞ்சம் திசு மறைந்தே இருக்கும். அதனால் கட்டியோ தோலில் மாற்றமோ தெரிந்தால் அடுத்த அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டாம்.

பை வைத்ததால் பரிசோதனை தொடங்கும் வயது மாறுவதில்லை, நாடுதான் அதை மாற்றுகிறது. பிரிட்டனில் 50 முதல் 71 வரை மூன்றாண்டுக்கு ஒருமுறை அழைக்கிறார்கள். அமெரிக்காவில் 2024ஆம் ஆண்டுப் பரிந்துரை 40 முதல் 74 வரை, இரண்டாண்டுக்கு ஒருமுறை.

பலர் குழப்பிக்கொள்வது ஒன்று உண்டு. மேமோகிராம் புற்றுநோயைத் தேடுவது, பை நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கானது அல்ல. ஓசையின்றிக் கசியும் சிலிகானைக் கண்டுபிடிக்க எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்ட் வேண்டும். வைத்து ஐந்தாறு ஆண்டுகளில் முதல் சோதனை, பிறகு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்கிறது அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. உங்களுக்குப் பதினோரு ஆண்டு ஆகிவிட்டது, மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள். ஒரு பக்கம் திடீரென்று வீங்கினாலும் உடனே போங்கள். சொரசொரப்பான மேற்பரப்புள்ள பைகளைச் சுற்றி, ஆண்டுகள் கழித்து, அரிதாக ஒருவகை நிணநீர்ப் புற்று வருவதுண்டு.

அறுவையின்போது தந்த, பையின் விவரங்கள் எழுதிய இம்பிளான்ட் அட்டையைத் தேடி எடுங்கள். தொலைந்திருந்தால் பழைய மருத்துவமனைக்கு இன்றே எழுதி, பையின் வகை, மேற்பரப்பு, தசைக்கு மேலா கீழா, இந்த மூன்றையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.