பணம் வருகிறது, பேச ஆள் வரவில்லை

கேள்வி: நானும் தம்பியும் குவைத்தில் வேலை பார்க்கிறோம். குமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கத்தில் புதிதாகக் கட்டிய வீட்டில் 67 வயது அம்மா மட்டும் தனியாக இருக்கிறார். அப்பா ரப்பர் பால் வெட்டுபவர், இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவருக்குக் கட்டன்சாயா போட எழுந்த பழக்கத்தில் அம்மா இன்னும் விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துவிடுகிறார். ஆறு மாதமாகத் தலைவலி, சாப்பாடு இறங்கவில்லை என்கிறார். எல்லா டெஸ்டும் நார்மல். 'மாசாமாசம் பணம் வருது, அவளுக்கென்ன மனக்கவலை' என்கிறார்கள் சொந்தக்காரர்கள். இது மனநோயா?
- ஒரு வாசகி, குவைத்

பதில்: மனச்சோர்வாக இருக்கலாம், அதை டாக்டர்தான் உறுதி செய்ய வேண்டும். நம் ஊரில் அந்த வயதுக்காரர்கள் மனசு சரியில்லை என்று வாய்திறந்து சொல்வதில்லை, தலைவலி, கைகால் உளைச்சல் என்றுதான் சொல்வார்கள். விடியற்காலை விழிப்பைப் பழக்கம் என்று விட்டுவிடாதீர்கள். பசியின்மையோடு அது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலே காட்ட வேண்டும், உங்கள் அம்மாவுக்கு ஆறு மாதம் ஆகிவிட்டது.

சொந்தக்காரர்கள் சொல்வதில் பாதிதான் சரி. வறுமையும் கடனும் மனதைக் கெடுக்கும், 2015-16 தேசிய மனநல ஆய்விலும் வருமானம் குறைந்தவர்களிடம் பாதிப்பு கூடுதலாக இருந்தது. ஆனால் பெண்களிடமும் மனச்சோர்வு அதிகம் என்று அதே ஆய்வு சொல்கிறது. அதோடு முதுமை, துணையை இழந்தது, தனிமை எல்லாம் ஒருவர் தலையிலேயே சேர்ந்து விழும்போது வங்கிக் கணக்கு என்ன செய்யும்? 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் குமரி மாவட்டத்துக்குத்தான். அந்தப் படிப்புதான் நம் பிள்ளைகளை வளைகுடாவுக்கும் பெங்களூருக்கும் கொண்டுபோனது, அது உங்கள் குற்றமில்லை. நீங்கள் கட்டிக்கொடுத்த வீட்டில் அம்மாவின் சாயாவுக்குக் காத்திருக்க இப்போது ஆளில்லை, அவ்வளவுதான்.

போனில் 'சாப்பிட்டியாம்மா' என்று கேட்டால் 'எனக்கு ஒண்ணும் இல்ல மக்களே' என்றுதான் பதில் வரும். இன்று யாரிடம் பேசினார் என்று கேளுங்கள், யாரிடமும் இல்லை என்றால் பக்கத்து வீட்டு அக்காவையோ ஒரு சித்தியையோ தினமும் கொஞ்ச நேரம் வந்து உட்காரச் சொல்லுங்கள். 'நான் போய்ச் சேர்ந்தா போதும்' என்பது போல அம்மா பேசினால் சும்மா சொல்கிறார் என்று விடாதீர்கள், அதன் பிறகு ஒரு இரவுகூட அவர் தனியாக இருக்கக் கூடாது.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், ஊரில் இருக்கும் யாராவது அம்மாவுக்குப் போட்டுக் கொடுக்கட்டும். முதல் தடவை ஆஸ்பத்திரிக்கு மட்டும் சொந்தக்காரர்களோடு அனுப்பாதீர்கள். அவர்கள் பக்கத்தில் இருந்தால் அம்மா டாக்டரிடமும் 'ஒண்ணும் இல்ல' என்றுதான் சொல்வார். நீங்களோ தம்பியோ பத்து நாள் லீவு போட்டு வாருங்கள்.