பதில்: கல்வெட்டுப் படத்தில் சிவப்புக் கோடுகளை எப்படி நீக்குவது?

வணக்கம் நண்பரே. கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் கல்வெட்டுப் படத்தின் மேலேயே சிவப்புத் தூரிகையால் எழுத்துகளை வரைந்து ஜேபெக்காகச் சேமித்துவிட்டீர்கள், இப்போது இரண்டு எழுத்துகளின் வாசிப்பை மாற்ற வேண்டும் என்கிறீர்கள். வருத்தமான செய்திதான்: ஜேபெக்கில் அடுக்குகள், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் தனித்தனிப் படத்தாள்கள், இருக்காது. கோட்டுக்கு அடியில் இருந்த கல்லின் உருவம் அந்தக் கோப்பில் இல்லை. கேமராவில் மூலப்படம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

கிடைத்ததும் அதைத் திறந்து, அடுக்குப் பட்டியலில் அந்தப் படத்தின் பிக்சல்களைப் பூட்டிவிடுங்கள். பிறகு ஷிஃப்ட்+கண்ட்ரோல்+என் அழுத்தி, ஒளிபுகும் புதிய அடுக்கு ஒன்றை உருவாக்கி அதில் மட்டும் வரையுங்கள். வரையும் முன் எந்த அடுக்கு தேர்வில் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள், பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். எழுத்துக் கருவியில் தட்டச்சு செய்தால் அதற்கென்று தனி அடுக்கு தானாகவே வந்துவிடும்.

உங்கள் வேலைக்கு ஒரே அடுக்கு போதாது. பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்தின் மேல் புள்ளி இருக்காது, எகர ஏகார வேறுபாடும் தெரியாது. ஆகவே கல்லில் கண்ணுக்குத் தெரியும் கீறல் ஓர் அடுக்கு, நீங்கள் ஊகித்துச் சேர்த்தது வேறு நிறத்தில் இன்னோர் அடுக்கு, மாற்று வாசிப்பு மூன்றாவது. கண் குறியைச் சொடுக்கினால் ஒவ்வொன்றையும் மறைத்து வெறும் கல்லோடு ஒப்பிடலாம். சிதைந்த இடத்தில் இந்தப் பிரிவு இல்லையென்றால், பார்ப்பவர் உங்கள் ஊகத்தையே கல்வெட்டு என்று நம்பிவிடுவார்.

சேமிக்கும்போது எக்ஸ்சிஎஃப், அடுக்குகளை அப்படியே வைத்திருக்கும் கிம்ப்பின் சொந்தக் கோப்பு வடிவம். மற்றவர்களுக்கு அனுப்ப மட்டும் ஏற்றுமதி செய்து ஜேபெக். மூலப்படம் கிடைக்காவிட்டால் இங்கேயே சொல்லுங்கள், மறுபடி படம் எடுக்கப் பக்கவாட்டு வெளிச்சம் வைப்பது பற்றி எழுதுகிறேன்.