பாடாதபோது உங்கள் மைக் எதைக் கேட்கிறது?

கேள்வி: டிரம்ஸ், பேஸ், இரண்டு கிடார், என் குரல் என்று நாங்கள் ஐவர் கொண்ட இசைக்குழு. நண்பர் ஒருவர் தன் அறையில் வைத்திருக்கும் கண்டென்சர் மைக்கில் பாடிப் பதிவு செய்தபோது, என் குரல் இவ்வளவு நன்றாக இருக்கிறதா என்று எனக்கே வியப்பாக இருந்தது. அதே மைக்கை வாங்கி மேடைக்குக் கொண்டுபோனேன். ஒலியைச் சற்றுக் கூட்டினாலே ஊளையிடுகிறது. கூட்டாவிட்டால் என் பாட்டு யாருக்கும் கேட்பதில்லை. வேறு எந்த மைக் வாங்கலாம், அக்கா?

பதில்: மைக்கின் பெயரைச் சொல்வதற்கு முன் ஒரு வேலை தருகிறேன். அடுத்த ஒத்திகையில் குழுவினர் முழு வேகத்தில் வாசிக்கட்டும். நீங்கள் வழக்கமான இடத்தில், மைக்கின் முன்னால், வாயைத் திறக்காமல் நில்லுங்கள். மைக்கில் விழுவதை மட்டும் இரண்டு நிமிடம் பதிவு செய்யுங்கள். பிறகு அதே இரண்டு நிமிடத்தைப் பாடிப் பதிவு செய்து, இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக, மேடை ஒலிகளைக் கலந்து அளவு வைக்கும் மிக்சரின் முன்னால் நிற்கிறேன். அதற்கு முன் ஆறு ஆண்டுகள் நானும் மேடையில் பாடினேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஒரு பாடகி நினைவுக்கு வந்தார். குறுகலான மேடை. அவருடைய வலது தோளுக்கு ஒரு முழம் பின்னால் டிரம்ஸின் உலோகத் தட்டு, அதாவது சிம்பல். அவருடைய மைக்கை மட்டும் ஹெட்போனில் கேட்டேன். முதலில் காதில் அறைந்தது சிம்பல். அடுத்து ஸ்நேர் டிரம். அவர் குரலோ பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல மூன்றாவதாக வந்தது. அவர் உயிரைக் கொடுத்துப் பாடிக்கொண்டிருந்தார். ஆனால் வாய்க்கும் மைக்குக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி. உதடு கம்பிவலையைத் தொடும் அளவுக்கு நெருங்கிப் பாடுங்கள் என்றேன். அதே மைக், அதே மேடை. குரல் முன்னால் வந்து நின்றது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் குரல் சுமார் 6 டெசிபெல் இறங்கும். இரண்டரை செ.மீ. தூரத்திலிருந்து 20 செ.மீ.க்குப் போனால் மூன்று முறை இரட்டிப்பு. 18 டெசிபெல் போய்விட்டது. சிம்பல் மட்டும் அதே அளவில் மைக்கில் விழுந்துகொண்டே இருக்கும். இறங்கிய குரலை ஈடுகட்ட மிக்சரில் ஒலியைக் கூட்டும்போது சிம்பலும் கூடும், மானிட்டரிலிருந்து, அதாவது பாடுபவர் தன் குரலைக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கரிலிருந்து, திரும்பி வரும் ஒலியும் கூடும். அப்படித் திரும்பிய ஒலி மறுபடி மைக்குக்குள் புகுந்து சுற்றிச் சுற்றி வளர்வதுதான் அந்த ஊளை.

கண்டென்சர் வகை மைக் எல்லாவற்றையும் உறிஞ்சும், டைனமிக் வகை உறிஞ்சாது என்று பலர் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படிச் சொல்லிவிடுவது சரியல்ல. நொய்மன் நிறுவனத்தின் கேஎம்எஸ்105 மைக்கும் கண்டென்சர்தான். மேடைப் பாட்டுக்கென்றே செய்யப்பட்டது. உங்கள் மைக் அறைக்காகச் செய்யப்பட்டது. ஒரு சாண் தள்ளி நின்று, அமைதியில் பாடுவதற்கு ஏற்றது. உயர்ந்த ஒலிகளை அது மினுக்கிக் காட்டுவதால்தான் உங்கள் குரல் அழகாகத் தெரிந்தது. அந்த மினுக்கம் சிம்பலுக்கும் கிடைக்கும். அதை விற்றுவிடாதீர்கள், பதிவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேடைக்கு முதல் மைக்காக டைனமிக் வாங்குங்கள். காந்தத்துக்கு நடுவே சிறு கம்பிச்சுருள் அசைந்து மின்சாரம் தருவதால் கண்டென்சருக்கு மிக்சரிலிருந்து தரும் 48 வோல்ட் மின்சாரம் அதற்கு வேண்டாம். ஈரத்துக்கும் இடிபடுவதற்கும் தாங்கும்.

இனி, எந்த டைனமிக்? இங்கேதான் எல்லோரும் மைக் எதை நன்றாகக் கேட்கிறது என்று பார்க்கிறார்கள். எந்தத் திசையில் அதற்குக் காது கேட்காது என்று நீங்கள் பாருங்கள். முன்பக்க ஒலியைக் கூடுதலாகக் கேட்கும் கார்டியாய்டு வகை மைக்குக்கு நேர் பின்புறம், அதாவது கேபிள் செருகும் வால் பக்கம், காது மிக மந்தம். அதைவிடக் குறுகலாகக் கேட்கும் சூப்பர் கார்டியாய்டு வகை, பக்கவாட்டு ஒலியை நன்றாகத் தள்ளும். ஆனால் நேர் பின்னால் அதற்குக் கொஞ்சம் கேட்கும். அதன் செவிட்டுப் புள்ளி முன்பக்கத்திலிருந்து ஏறத்தாழ 126 பாகை திரும்பிய இடத்தில், இரு புறமும் இருக்கிறது.

இது ஏட்டுக் கணக்கல்ல. ஊளை குறையும் என்று ஒருவர் பழைய கார்டியாய்டை விட்டு சூப்பர் கார்டியாய்டு வாங்கினார். ஊளை கூடிவிட்டது. மனம் உடைந்துபோய் மைக்கைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பியவரை நிறுத்தி, அவர் பாடும் நிலையைப் பார்த்தேன். மைக்கைச் சாய்த்துப் பிடித்திருந்தார். அதன் வால், தரையில் இருந்த மானிட்டரை நேராகக் குறிபார்த்தது. பழைய மைக்குக்கு அதுதான் மிகச் சரியான பிடி. புதியதற்கு அதுவே கேடு. மணிக்கட்டைச் சற்று உயர்த்தி மைக்கைக் கிடைமட்டமாகப் பிடிக்கச் சொன்னேன். மானிட்டரைக் காலடிக்கு நேரே வைக்காமல் சற்று ஓரமாகத் தள்ளினேன். ஊளை நின்றது. ஒரு மணிக்கட்டுத் திருப்பம், அவ்வளவுதான்.

ஆகவே உங்கள் மேடையில் மானிட்டர் எங்கே நிற்கிறது, டிரம்ஸ் எந்தப் பக்கம் என்று ஒரு தாளில் வரைந்து பார்த்துவிட்டு வகையை முடிவு செய்யுங்கள். ஒரே மானிட்டர் நேர் எதிரில் என்றால் கார்டியாய்டு. இரண்டு மானிட்டர் இரு ஓரங்களில், பக்கத்தில் கிடார் ஸ்பீக்கர் என்றால் சூப்பர் கார்டியாய்டு. ஆனால் பாடும்போது தலையைத் திருப்பும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் சூப்பர் கார்டியாய்டு மன்னிக்காது. முகம் விலகியதும் குரல் மெலியும்.

பெயர் கேட்டீர்கள். ஷூர் எஸ்எம்58 கார்டியாய்டு, 1966இல் வந்தது. அந்த ‘எஸ்எம்’ என்பது ஸ்டுடியோ மைக்ரோபோன் என்பதன் சுருக்கம் என்றாலும் மேடையில்தான் அது நிலைத்தது. 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். சொற்கள் தெளிவாக விழும் நடுப்பகுதியைச் சற்றுத் தூக்கிக் கொடுக்கும். சென்ஹைசர் ஈ935 அதைவிடத் திறந்த ஒலி உடையது, கார்டியாய்டு. சூப்பர் கார்டியாய்டில் ஷூர் பீட்டா 58ஏ, சென்ஹைசர் ஈ945. கூர்மையான, மூக்கில் ஏறும் குரலுக்கு பீட்டா 58ஏ சில நேரம் காதைக் குத்தும். கனத்து அமுங்கும் குரலை அதே மைக் தூக்கி நிறுத்தும். என் கருத்தைக் கேட்டால், முதலில் எஸ்எம்58இல் ஓராண்டு பாடுங்கள். அதில் உங்களுக்கு என்ன குறைகிறது என்று தெரிந்த பிறகு அடுத்ததை வாங்குங்கள்.

நெருங்கிப் பாடினால் அடிப்பகுதி ஒலி பெருத்துக் குரல் குமுறும். பயந்து பின்வாங்காதீர்கள். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டச் சொல்லி மிக்சரில் இருப்பவரிடம் கேளுங்கள்.

கேள்வி: மைக்கின் உருண்டைத் தலையை உள்ளங்கையால் பொத்திப் பாடினால் குரலில் ஒரு வேகம் வருகிறது. எங்கள் ஒலிப்பதிவாளர் கூடாது என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: அவர் சொல்வதுதான். மைக் ஒரு திசையை ஒதுக்குவது, பின்னால் உள்ள துவாரங்கள் வழியாகவும் ஒலி உள்ளே போவதால்தான். அந்த வழியைக் கை அடைத்துவிட்டால் மைக் எல்லாத் திசைகளையும் கேட்கத் தொடங்கும். நீங்கள் வேகம் என்று நினைப்பது, உங்கள் கைக்குழியில் ஒலி எதிரொலித்துச் சொற்கள் மழுங்குவது. முன்வரிசையில் இருப்பவருக்கு உங்கள் வரிகள் புரியாது. நீங்கள் எழுதிய வரிகள்தானே? மைக்கின் கழுத்துக்குக் கீழே பிடியுங்கள்.

கேள்வி: ஆன்–ஆஃப் சுவிட்ச் உள்ள மைக் வசதியானதா?

பதில்: குழுவில் பாடுகிறவருக்கு வேண்டாம். உணர்ச்சி மேலிட்டுக் கையை மாற்றும்போது கட்டைவிரல் சுவிட்சைத் தள்ளிவிடும். ஒரு நிகழ்ச்சியில் முதல் சரணம் முழுவதும் அப்படிப் போனது. பாடியவருக்கே கடைசி வரியில்தான் தெரிந்தது. மியூட் செய்யும் வேலையை மிக்சரில் இருப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி: பாதி விலைக்கு ஒருவர் எஸ்எம்58 தருகிறார். வாங்கலாமா? கூடவே ஒரு முனையில் கிடார் ஜாக் உள்ள கேபிளும் தருகிறாராம்.

பதில்: அந்தப் பெயரில் போலிகள் நிறைய உலவுகின்றன. எடை இயந்திரத்தில் வையுங்கள்; அசலின் எடை 298 கிராம். எடை நன்றாகக் குறைந்தால் விட்டுவிடுங்கள். எடை சரியாக இருந்தாலும் அசல் என்று உறுதியாகிவிடாது. முடிந்தால் உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் அசல் மைக்கைப் பக்கத்தில் வைத்து, ஒரே வரியை இரண்டிலும் பாடிப் பாருங்கள். மங்கலும் கரகரப்பும் ஒரு நிமிடத்தில் காதுக்குத் தெரிந்துவிடும்.

கேபிளை வாங்காதீர்கள். ஒரு முனையில் மூன்று ஊசியும் மறுமுனையில் மூன்று துளையும் உள்ள எக்ஸ்எல்ஆர் கேபிள்தான் வேண்டும். அதில் ஒரே ஒலி இரண்டு கம்பிகளில், ஒன்றில் மற்றதன் தலைகீழ் வடிவமாகப் போகிறது; வழியில் சேரும் இரைச்சல் இரண்டிலும் ஒன்றாக ஏறுவதால் மிக்சரில் கழிந்துவிடும். ஜாக் முனையில் அந்த வசதி இல்லாததால் இரைச்சலும் மின் முரலலும் குரலோடு சேர்ந்து வந்துவிடும்.

கேள்வி: எங்கள் குழுவில் மூன்று பேர் ஒரே மைக்கில் பாடுகிறோம். தலைப்பகுதியில் வாடை வருகிறது. துடைத்தும் போகவில்லை.

பதில்: வாடை, உள்ளே இருக்கும் பஞ்சில் இருக்கிறது, வெளியே துடைத்தால் போகாது. மைக்கின் தலையைத் திருகிக் கழற்றுங்கள். கழற்றிய தலையை மட்டும் மென்மையான சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் அலசுங்கள். கம்பிவலை இடுக்குகளுக்கு மென்மையான பல்துலக்கி போதும். மைக்கின் உடலில், அதன் மேல் முனையில் தெரியும் மெல்லிய சவ்வுப் பகுதியில், ஒரு சொட்டு நீரும் படக்கூடாது. அதைச் சுத்தமான துணியால் மூடித் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். தலையை நிழலில் ஓர் இரவு முழுதும் காயவிடுங்கள். காலையில் பஞ்சை விரலால் அழுத்திப் பாருங்கள். ஈரம் துளியும் ஒட்டாவிட்டால் மாட்டிக்கொள்ளலாம்.