படித்துறையில் ஒரு துண்டு கருப்பட்டி

அன்புள்ள சார்,

என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு வருடமாக டைப் 1 சர்க்கரை. தினம் நாலு ஊசி. பள்ளியில் யாருக்கும் சொல்லவில்லை. பாளையங்கோட்டையில் இதே நோயுள்ள பிள்ளைகள் மாதம் ஒரு சனிக்கிழமை கூடுகிறார்களாம், அனுப்பச் சொல்கிறார் டாக்டர். நாலு பேருக்குத் தெரிந்துவிடாதா? நாளைக்குக் கல்யாணம் என்று வந்தால்? சின்னதிலே இனிப்புக் கொடுத்துக் கெடுத்தது நான்தான் என்கிறார் மாமியார். சீனிக்குப் பதில் கருப்பட்டி கொடுக்கலாமா?

பெயர் வேண்டாம், அம்பாசமுத்திரம்.

அன்புள்ள சகோதரி,

மாமியாரை விட்டுத்தள்ளுங்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் வருவது இது. 1922 ஜனவரியில் டொராண்டோவில் முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்ட லியோனார்ட் தாம்சனுக்கு வயது 14. அவனுக்கு யார் அல்வா ஊட்டினார்கள்? கருப்பட்டியும் சர்க்கரைதான், மாற்று அல்ல. ஆனால் அந்தச் சொல்லைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் அத்தை மகனுக்கும் இதே நோய். கோடை விடுமுறைக்குக் கல்லிடைக்குறிச்சி போவேன். காலையில் அடுக்களைக் கதவு சாத்தியிருக்கும்; உள்ளே ஏனத்தில் கண்ணாடி சிரிஞ்சு கொதிக்கிற கிணுகிணுப்பு கேட்கும். கேட்டால் "சத்து ஊசிடே" என்பாள் அத்தை.

ஒரு மத்தியானம் ஆற்றில் ரெண்டு மணி நேரம் நீச்சல். படித்துறையில் ஏறியவனுக்குக் கை நடுங்கியது. துவட்டத் துவட்ட நெற்றியில் வேர்த்தது. வாய் குழறி ஏதோ உளறினான். நானும் அதேபோல உளறிக் காட்டினேன். எல்லாரும் சிரித்தோம். துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு ஆச்சி, "ஏல, என்னத்தல சிரிக்கிய? சீனி எறங்கிட்டுல்லா!" என்று ஓடிவந்து, பொரிகடலையோடு மடியில் முடிந்து வைத்திருந்த கருப்பட்டியை அவன் வாயில் போட்டாள். அவள் புருஷனும் ஊசி போடுகிறவராம். வழியோடு போகிற ஆச்சிக்குத் தெரிந்தது, ஒரே பாயில் படுத்த எனக்குத் தெரியவில்லை. அத்தைமேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. இப்போது உங்கள் மேலும்.

பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா? ஊசி போடுகிற பிள்ளைக்கு ரத்தத்தில் சர்க்கரை அளவு 70-க்குக் கீழே இறங்கினால் மூன்று டீஸ்பூன் சீனியோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். நம் ஊர்ப் பாசத்தில் அல்வாவை நீட்டக்கூடாது, நெய் சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவுமே போடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இவ்வளவுதான். ஒரே ஒரு சிநேகிதிக்குத் தெரிந்திருந்தால் போதும். கல்யாணமாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு! அங்கேயும் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு ஊசி போடச் சொல்வீர்களா?

போன வாரம்கூட அத்தை மகன் போனில் சொன்னான்: "நாப்பது வயசு வரைக்கும் என்னைய மாதிரி இன்னொருத்தன நான் பாத்ததே இல்லடே." ஒரே இடத்தில் குத்தினால் தடித்துப்போகும், அங்கே மருந்து ஒழுங்காகச் சேராது என்று உங்கள் டாக்டர் பத்துத் தடவை சொல்லியிருப்பார். இன்னொரு பிள்ளை தன் தொடைத் தடிப்பைத் தொட்டுப் பார்க்கச் சொன்னால் உங்கள் மகள் அன்றைக்கே இடம் மாற்றிக் குத்துவாள்.

சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போங்கள் அம்மா. ஆனால் உள்ளே போய் உட்காராதீர்கள். பக்கத்தில் டீக்கடை இருக்கும்.