‘லோக்கல்’ ஓட்டைதானே, மாதக் கடைசி வரை விடலாமா?

கேள்வி: மண்ணடி தம்புச் செட்டித் தெருவில் கிளியரிங் ஏஜென்சி நடத்துகிறேன். ஆபீஸில் ஒரு உபுண்டு சர்வர். ஆறு பேருக்கு லாகின் உண்டு, கம்பெனி வெப்சைட்டும் அதிலேயே ஓடுகிறது. கெர்னலில் (சிஸ்டத்தின் மையப் பகுதி) லோக்கல் ஓட்டை, அப்டேட் போட்டு ரீபூட் செய்ய வேண்டும் என்கிறார் சர்வீஸ் தம்பி. லோக்கல் என்றால் வெளியாள் வர முடியாதுதானே? எங்கள் பசங்கள் நம்பிக்கையானவர்கள். மாதக் கடைசி வேலை முடிந்ததும் செய்யலாமா?

பதில்: வேண்டாம், அதுவரை தள்ளாதீர்கள். பசங்களை நீங்கள் நம்புவது சரி. ஆனால் லோக்கல் என்பது இங்கே ‘நம்ம ஆள்’ இல்லை. மெஷினுக்குள் ஏதோ ஒரு சாதாரண யூசராக நுழைந்துவிட்ட யாரும் லோக்கல்தான்.

பழைய வண்ணாரப்பேட்டை ஒண்டுக்குடித்தன வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தெருக்கதவு ஒன்று, உள்ளே அறைக்கு ஒரு பூட்டு, எல்லாச் சாவியும் வீட்டுக்காரரிடம். கெர்னல்தான் அந்த வீட்டுக்காரர். இந்த ஓட்டை இருந்தால், தெருக்கதவைத் தாண்டியவர் சாவிக்கொத்தையே எடுத்து ரூட், அதாவது முழு அதிகாரமும் உள்ள யூசர், ஆகிவிடலாம். உங்கள் தெருக்கதவு வெப்சைட். ஏதாவது பழைய பிளக்இன் வழியாக ஒருவன் உள்ளே வந்தால், வெப்சர்வருக்கு உள்ள சின்ன அனுமதிதான் அவனுக்குக் கிடைக்கும். மிச்சத்தைக் கெர்னல் ஓட்டை கொடுத்துவிடும். வெப்சைட் டாக்கர் என்ற தனி அடைப்புக்குள் ஓடுகிறது என்று நிம்மதி அடையவும் முடியாது. தனி அறைதான், ஆனால் வீட்டுக்காரர் அவரேதான்.

இப்படிப்பட்ட ஓட்டைகள் புதிதல்ல. 2016 அக்டோபரில் வெளியே தெரிந்த டர்ட்டி கவ் என்ற ஓட்டை, 2007 முதலே கெர்னலில் இருந்தது. 2022 மார்ச்சில் வந்த டர்ட்டி பைப், படிக்க மட்டும் அனுமதி உள்ள ஃபைலிலும் எழுத விட்டது. அது கெர்னலின் 5.8 பதிப்பில் நுழைந்ததால் 5.4 ஓட்டியவர்கள் தப்பித்தார்கள். ஆகவே முதலில் உங்கள் பதிப்புக்கு இப்போது சொல்லப்படும் ஓட்டை பொருந்துமா என்று பார்க்கவேண்டும். அதற்கு உபுண்டுவின் பாதுகாப்பு அறிவிப்பைத்தான் பார்க்கவேண்டும். மூலக் கெர்னலின் எண்ணோடு ஒப்பிட்டால் குழப்பம்தான், ஏனென்றால் உபுண்டு அதே பழைய எண்ணிலேயே திருத்தத்தைச் சேர்த்துவிடும்.

பலர் சறுக்கும் இடம் ரீபூட். அப்டேட் புதிய கெர்னலை டிஸ்கில் வைப்பதோடு சரி, ஓடுவது பழையதுதான். ‘அப்டேட் எல்லாம் பக்கா சார்’ என்று சொல்லப்பட்ட ஒரு சர்வரைப் பார்த்தேன், மாதக்கணக்கில் ரீபூட்டே ஆகவில்லை! எந்தக் கெர்னல் ஓடுகிறது என்று யூநேம் கட்டளை காட்டுவதுதான் உண்மை. ஓடும் கெர்னலையே திருத்தும் லைவ்பேட்ச் இருந்தால் ரீபூட்டைக் கொஞ்சம் தள்ளலாம், தவிர்க்க முடியாது.

இந்தச் சனி இரவே செய்யுங்கள். பேக்அப் எடுத்து, கெர்னல்கள் வைக்கப்படும் பூட் பார்ட்டிஷனில் இடம் இருக்கிறதா பாருங்கள், பழைய கெர்னல்கள் அடைத்துக்கொண்டிருக்கும். மானிட்டரோடு ஒருவர் ஆபீஸில் இருக்கட்டும். புதியது எழும்பாவிட்டால் மெஷின் தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் பழையதைத் தேர்ந்தெடுக்கலாம்.

அதுவரைக்கும், அறிவிப்பில் தற்காலிகத் தடுப்பு சொல்லியிருந்தால் அதைப் போடுங்கள். சில ஓட்டைகளுக்கு, சாதாரண யூசர்கள் நேம்ஸ்பேஸ் (தங்களுக்கென ஒரு தனி அடைப்பு) உருவாக்குவதை நிறுத்தினாலே போதும். டர்ட்டி பைப் போன்றதற்கு அது உதவாது.

அப்புறம், லாகின் பட்டியலையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நீங்கள் ஆறு என்கிறீர்கள். வேலையை விட்டுப் போனவர்களையும் சேர்த்து சர்வர் எட்டு என்று சொன்னால் எனக்கு ஆச்சரியமில்லை.