வேகம் கூடியது, விடை மாறியது

கேள்வி: ஜிசிசி கம்பைலரில் ‘ஃபாஸ்ட்-மேத்’ விருப்பத்தைக் கொடுத்ததும் என் சி நிரல் வேகமாக ஓடுகிறது. ஆனால் கூட்டுத்தொகையின் கடைசி இலக்கங்கள் மாறுகின்றன. கம்பைலரில் பிழையா?

பதில்: பிழையில்லை, கணக்கின் வரிசையை மாற்றிக்கொள்ள அந்த விருப்பத்தின் வழியே நீங்கள் கொடுத்த அனுமதிதான். தசமப் பகுதியுள்ள எண்களைக் கணினி வைத்துக்கொள்ளும் மிதவைப் புள்ளி முறையில், கூட்டும் வரிசை முக்கியம். டபுள் என்னும் மிதவைப் புள்ளி வகையில் 10^16-உடன் 1-ஐக் கூட்டி, பிறகு 10^16-ஐக் கழித்தால் விடை 0. முதலில் கழித்துவிட்டு 1-ஐக் கூட்டினால் 1. டபுளுக்கு 53 பிட் துல்லியம்தான். 10^16 அருகே அடுத்தடுத்த எண்களின் இடைவெளி 2 என்பதால், கூட்டிய 1 காணாமல் போகிறது. நான்கு எண்களை ஒரே நேரத்தில் கூட்ட, கம்பைலர் வரிசையைக் கலைத்தாக வேண்டும். வேகமும் மாற்றமும் அங்கிருந்தே வருகின்றன.

கடைசி இலக்கம் மாறுவதோடு போனால் பரவாயில்லை. கூட்டும்போது தொலையும் சிறு பகுதியைத் தனியே வைத்துத் திருத்தும் கஹான் முறையில், அந்தப் பிழையைச் சேமிக்கும் வரியை, இயற்கணிதப்படி பூஜ்யம்தானே என்று கம்பைலர் நீக்கிவிடலாம். ‘நான்’ (NaN, அதாவது எண்ணல்லாத விடை) மதிப்பே வராது என்றும் அது எடுத்துக்கொள்வதால், அதைக் கண்டறியும் உங்கள் ‘ஈஸ்-நான்’ சோதனை எப்போதும் ‘இல்லை’ என்றே சொல்லக்கூடும். இதுதான் ஆபத்தானது.

அந்த விருப்பத்தை எடுத்துவிட்டு, ‘நோ-மேத்-எர்னோ’ (கணிதச் சார்புகள் பிழைக் குறியீட்டை எழுத வேண்டாம்), ‘நோ-ட்ராப்பிங்-மேத்’ (கணக்குப் பிழை நிரலை இடைமறிக்காது என்று கொள்) இரண்டை மட்டும் கொடுத்துப் பாருங்கள்; எண் மதிப்புகளை இவை மாற்றாது. வேகம் போதாவிட்டால், சுழற்சியில் நான்கு தனிக் கூட்டுத்தொகைகளை நீங்களே வைத்து இறுதியில் சேருங்கள். விடை பழையதிலிருந்து சற்று மாறும், ஆனால் வரிசை உங்கள் கையில் இருக்கும். பெருக்கிக் கூட்டும் ஒற்றைக் கட்டளையும் கடைசி இலக்கத்தை அசைக்கும். அதற்கு ‘எஃப்பி-கான்ட்ராக்ட்’டை ‘ஆஃப்’ செய்யுங்கள்.